நாங்க போனப்போ

காஜாவுக்குப் பொறாமை ஒரு வார்த்தையின் மேல். சொன்னால் சிரிப்பீர்கள். "நாங்க" என்கிற வார்த்தை.

காஜா அவளுடைய சொந்தப் பெயரல்ல. சட்டையில் பித்தான் நுழைகிற துளைக்குத் தையல்காரர்கள் சொல்லும் பெயர் அது. சட்டைக் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் அந்தத் துளை போடுகிற மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி துணியை ஒரு சுற்றுச் சுற்றி வரும், பிறகு கத்தி விழும். மற்ற தையலைப் பிரிக்கலாம், திருத்தலாம். காஜாவில் கத்தி விழுந்தால் விழுந்ததுதான். அந்த வேலையில் ஊறிப்போனதால் அவள் பேச்சும் அளந்துதான் வரும்.

வாழ்க்கைப்பட்டது ஒரு ரொட்டிக்காரருக்கு. அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தாள், மகள் நடை பழகுகிற வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தவள். ரொட்டிக்காரரின் அக்கா, அதாவது காஜாவுக்கு நாத்தனார், அலைந்து திரிந்து இவளைப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தாள். கொண்டுவந்தவளே பிறகு மாடியில் குடியிருந்துகொண்டு, "அவ இருந்தப்போ இந்த வீடு எப்படி இருக்கும் தெரியுமா" என்று பேச்சை ஆரம்பிப்பாள். செத்த எருமை குடம் குடமாகக் கறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வந்த நாளிலிருந்து காஜாவுக்கு வாய்த்ததெல்லாம் மூத்தாள் தொட்டு வைத்ததுதான். வீடு அவள் பார்த்த வீடு. அலமாரி அவள் வாங்கிய அலமாரி. மூத்தாள் இடது கைக்காரி; சட்டியைச் சுரண்டிச் சுரண்டி அந்த வீட்டுக் கரண்டியெல்லாம் இடது பக்கமாகத் தேய்ந்திருந்தன. காஜா வலது கையில் பிடித்துச் சுரண்டினால் தேயாத பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். புதுக் கரண்டி வாங்கலாம்தான். வாங்கினால் நாத்தனார் கேட்பாள். ஆகவே கையைத் திருப்பிப் பிடித்துப் பழகிக்கொண்டாள். மூத்தாளின் பிள்ளையையும் குறை சொல்ல இடமில்லாமல் வளர்த்தாள். அந்தப் பெண் அவளைச் "சின்னம்மா" என்று கூப்பிட்டு வளர்ந்தது. அதிலும் ஒரு 'சின்ன' இருக்கிறது, பாருங்கள்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் எதிரெதிரே நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிறவளை என்ன கேட்பது? செத்தவளுக்கு வயசு ஏறாது. காஜாவுக்கு முன்நெற்றி நரைத்துப் பல் ஆட்டம் கண்டாயிற்று. படத்தில் இருக்கிறவளோ இன்னும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. ஆனாலும் உறவுமுறைக் கணக்கில் அவள்தான் மூத்தாள், இவள் இளையாள்.

அந்தப் படம் எடுத்த இடம்தான் கோட்டை. உலகத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்களே, அந்தப் பழைய கற்கோட்டை. ராஜாக்கள் போய், அவர்கள் பேரும் போய், கல் மட்டும் நிற்கிறது. கல்யாணமான புதிதில் ரொட்டிக்காரர் மூத்தாளை அங்கே கூட்டிப்போனார். வாயில் மாவு உருண்டையை அடக்கிக்கொண்டிருப்பவர் மாதிரி நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும் மனுஷன், அந்தக் கோட்டைப் பேச்சு வந்தால் மட்டும் மழையில் நனைந்த தவளை மாதிரி ஆகிவிடுவார். "நாங்க போனப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்க போனப்போ வாசல்ல இவ்வளவு கூட்டம். நாங்க போனப்போ படியெல்லாம் ஈரம்.

யோசித்துப் பாருங்கள். 'நாம போனப்போ' என்றால் கேட்கிறவளுக்கும் அதில் உட்கார ஓர் இடம் உண்டு. 'நாங்க' என்று சொல்லிவிட்டால் கதவைச் சாத்தியாயிற்று, நீ வெளியே நில் என்று அர்த்தம். தன் வீட்டில், தன் புருஷன், தன் முகத்தைப் பார்த்து 'நாங்க' என்று சொல்லும்போதெல்லாம் காஜா இருபது வருஷத்துக்கும் மேலாக வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

அதிலும் அவளைக் குடைந்தது வட்டக்கூடம். கோட்டையின் உச்சியில் வட்டமாக ஒரு கூடம் உண்டாம். ஒருவர் இந்தப் பக்கச் சுவரில் வாயை வைத்துக் குசுகுசுத்தால், எதிர்ப் பக்கச் சுவரில் காதை வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்குமாம். நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றுமே கேட்காதாம். "அவ அந்தப் பக்கம் நின்னு சொன்னா, எனக்கு இந்தப் பக்கம் அப்படியே கேட்டுச்சு" என்பார் ரொட்டிக்காரர். என்ன சொன்னாள் என்று மட்டும் சொல்லமாட்டார். அந்த இடம் வந்ததும் லேசாகச் சிரித்துவிட்டு மாவு பிசையப் போய்விடுவார்.

என்ன சொல்லியிருப்பாள்? காஜா மெஷினில் உட்கார்ந்தபடி மூத்தாளுக்காக எத்தனையோ வாக்கியம் ஜோடித்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றும் ஒன்றைவிட ஒன்று இனிப்பாக வந்து இவள் வயிற்றை எரித்தது.

இப்படி இருக்கையில், மகள் ஒரு நாள் வந்தாள். அவள் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் வேலை. வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து கோட்டைக்குப் பஸ் பிடிக்கிறார்களாம். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் லீவு கிடைக்கவில்லையாம், அந்த இரண்டு சீட்டில் அப்பாவும் சின்னம்மாவும் போய்விட்டு வரட்டும் என்றாள்.

ரொட்டிக்காரர் கை மாவைத் தட்டிக்கொண்டே, தான் பார்த்த இடம்தானே, அக்காவும் காஜாவும் போய்விட்டு வரட்டும் என்றார்.

காஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. என்றைக்கும் அளந்து பேசுகிறவள் அன்றைக்கு அளக்கவில்லை.

"நீங்க பார்த்தது அவளோட. என்னோட பார்க்கலையே."

மகள் தரையைப் பார்த்தாள். ரொட்டிக்காரர் பெண்டாட்டியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

அன்றிலிருந்து காஜாவுக்கு ஒரே நினைப்புதான். வட்டக்கூடத்தில் தான் என்ன சொல்வது? மூத்தாள் சொன்னதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி இருக்கவேண்டும். 'உங்களுக்கு நான் யாரு' என்று கேட்கலாமா? சினிமாக்காரி மாதிரி இருந்தது. 'அவளா நானா' என்பது செத்தவளோடு மல்லுக்கு நிற்பது, கேவலம். கடைசியில் ஒன்று அமைந்தது. "என்னையும் சேர்த்துக்கங்க." அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அந்த 'நாங்க'வுக்குள் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புரியும். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் காலர் தைக்கிறவளுக்குக் கேட்டுவிட்டது.

"எதுல சேர்க்கச் சொல்றே? ஓவர்டைம்லயா? என்னையும் சேர்த்துக்கச் சொல்லு" என்றாள் அவள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காஜாவுக்கு. ஊர் எல்லை தாண்டியதும் ரொட்டிக்காரருக்கு வாய் திறந்துகொண்டது. முன் சீட்டுக்காரரிடம், பின் சீட்டுக்காரரிடம், நாங்க போனப்போ ரோடு இப்படி இல்லை, நாங்க போனப்போ மழை, என்று ஒரே பிரசங்கம். அடுத்த வரிசையில் ஒரு நர்ஸ் அம்மா, பாவம், நல்ல மனசோடு காஜாவின் கையைத் தொட்டு, "ரெண்டாந்தடவையா கூட்டிட்டு வர்றாரு? குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள்.

காஜா என்ன சொல்வாள்? அந்த 'நாங்க'வில் நான் இல்லை, அது வேறு ஆள் என்று பஸ்ஸில் எழுந்து நின்று சொல்வாளா? தலையை ஆட்டினாள். ஆட்டியதுதான் தாமதம், இன்னொருத்தியின் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவது போல் உடம்பு கூசிற்று. ரொட்டிக்காரர் இதையெல்லாம் கவனித்தாரா? மனுஷன் முன் சீட்டுக்காரருக்குப் படிகளின் ஈரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

கோட்டை பெரிதுதான். அதில் பொய்யில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. ஒவ்வொரு கல்லும் அவர்கள் வீட்டு அலமாரி அளவு. மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு போக, காஜா மட்டும் ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். படத்தில் மூத்தாள் சாய்ந்து நின்ற தூண் எது? கண்டுபிடித்ததும் கொஞ்சம் தள்ளியே நடந்தாள். அந்தத் தூணில் வேறு யாரோ ஒரு பெண் சாய்ந்து நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததில் காஜாவுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

வட்டக்கூடத்துக்கு வரிசை படி வரைக்கும் நின்றது. காவல்காரர் ஒருவர் இரண்டிரண்டு பேராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பேசினோமா போனோமா என்று இருக்கவேண்டும், பாட்டெல்லாம் பாடக்கூடாது, ஒருத்தருக்கு ஒரு தடவைதான் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒப்பித்தார். ரொட்டிக்காரர் தெரிந்தவர் போல நேரே எதிர்ப் பக்கம் போய்ச் சுவரில் காதை வைத்தார். எந்தக் காதை வைத்தார் என்றுகூடக் காஜா பார்த்தாள். அன்றைக்கும் இதே காதாகத்தான் இருக்கும்.

சுவரில் வாயை வைத்தாள். கல் ஜில்லென்று இருந்தது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ வாய் பட்டு அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. மூத்தாளின் வாயும் இங்கேதான் பட்டிருக்கும் என்று நினைத்ததும் அவளுக்கு வயிற்றுக்குள் ஒரு சூடு. 'என்னையும்' என்று தொடங்க மூச்சை இழுத்தாள். காவல்காரர், "ம், ம், சீக்கிரம்" என்றார். வாசலில் நின்ற கூட்டம் அவள் முதுகையே பார்த்தது. அந்த நேரத்தில், எங்கிருந்து வந்ததோ தெரியாது, காலையில் பிளாஸ்குக்கு வெந்நீர் வைத்த அடுப்பு கண்முன்னே வந்து நின்றது. கேட்டுவிட்டாள். கத்தி விழுந்தால் விழுந்ததுதான்.

"ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா?"

அந்தப் பக்கம் ரொட்டிக்காரருக்கு முகம் மைதா மாதிரி வெளுத்துப்போயிற்று. நெருப்போடு பிழைக்கிறவர். ஒரு பேக்கரி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். "நீ அடுப்பை அணைக்கலையா" என்று சுவரில் வாயை வைக்காமலே கூடம் அதிரக் கத்தினார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓட, காஜா பின்னாலேயே ஓடினாள். படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே நாத்தனாருக்குப் போன் போட்டார்கள். அவளிடம் வீட்டுச் சாவி ஒன்று உண்டு.

நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி, கதவைத் திறந்து, பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடும் வரை இரண்டு பேரும் ஒரே படியில், தோளோடு தோள் ஒட்டி, ஒரே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அடித்தது. நாத்தனார் குரல் வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல்.

"அடுப்பெல்லாம் அணைஞ்சுதான் கெடக்கு. ஏம்மா காஜா, வேற எங்கயாவது எரியுதான்னு பார்த்துக்க."

காஜாவுக்குச் சுருக்கென்றது. தன் வயிற்றைத் திறந்து பார்த்தவள் மாதிரி அல்லவா சொல்கிறாள்! ஆனால் ரொட்டிக்காரருக்கு அது உறைக்கவில்லை. பயம் இறங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்படி அவர் சிரித்துக் காஜா பார்த்ததில்லை. அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்த சமயம், மனுஷன் வாயைத் திறந்தார்.

"அவளும் இப்படித்தான். என்னமோ சொல்லப்போறான்னு நான் காதை வச்சுக்கிட்டு நிக்கிறேன். செருப்பு கடிக்குதுன்னா."

"என்னது?"

"புதுச் செருப்பு. கடிக்குது, போலாம்னா. வேற ஒண்ணும் சொல்லல. அப்புறம் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நான்தான் கீழ வரைக்கும் வந்தேன்."

இருபது வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்ததெல்லாம் இதற்குத்தானா என்று வேறு யாராக இருந்தாலும் ஆறியிருப்பார்கள். காஜாவுக்கு ஆறவில்லை, கூடிற்று. ஒரு காதல் வசனம் என்றால் அதற்கு மேலே ஒன்றை ஜோடித்து அடித்துவிடலாம். செருப்புக் கடிக்கு மேலே எதைச் சொல்லி அடிப்பது? அதைப் போய் இந்த மனுஷன் இத்தனை வருஷமாக யாருக்கும் காட்டாமல் உள்ளே பொத்தி வைத்திருந்திருக்கிறாரே. செருப்பை வேறு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். பழகின செருப்பு. கடிக்கிற ஜாதி இல்லை.

எழுந்து போய்க் காவல்காரரிடம் இன்னொரு தரம் உள்ளே விடும்படி கேட்டாள். ஒருத்தருக்கு ஒரு தடவைதான் என்றார். ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது என்றாள்.

"அதான் அடுப்பைக் கேட்டாச்சே அம்மா" என்றார் அவர்.

சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் செய்து வைத்த வாக்கியத்தை அவள் வாயிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். பஸ்ஸில் தூங்குவது போல ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்த வாரம் பேக்கரியில் ஒரு கூத்து. சாயங்காலம் அவள் கம்பெனி விட்டு வருகிற வழியில் எட்டிப் பார்த்தால், ரொட்டி வாங்க வந்த நாலைந்து பேர் போகாமல் நிற்கிறார்கள். ரொட்டிக்காரர் ரொட்டியை வெட்டிக்கொண்டே, "நாங்க போனப்போ" என்கிறார். காஜாவுக்கு வழக்கம்போல் உள்ளுக்குள் கதவு சாத்திக்கொண்டது. "நான் காதை வச்சுக்கிட்டு நிக்கிறேன். இவ என்ன கேக்கிறாங்கறீங்க, அடுப்பை அணைச்சீங்களாங்கறா!" நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாங்க என்றால் அவரும் இவளும். வெளியே நிற்பது ரொட்டி வாங்க வந்தவர்கள். அவர்களையெல்லாம் ஒரு தரம் பார்த்தாள், பாவம் போல.

பிறகு தினமும் அந்த வழியாகத்தான் வந்தாள். எதற்கு என்றால், கதை சரியாகச் சொல்லப்படுகிறதா என்று பார்க்க. வாங்கினவளுக்குத்தானே தெரியும் பொருளின் அருமை.

வயசாகிற மனுஷன்; சொல்லச் சொல்லக் கதை நீள்வதும் கலப்பதும் சகஜம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கோட்டையைப் பற்றிக் கேட்டார். ரொட்டிக்காரர் ஆரம்பித்தார். கூட்டம், படி, வட்டக்கூடம், அடுப்பு எல்லாம் வந்தது. பிறகு, "அதுக்கு மேல இவளுக்குச் செருப்பு வேற கடிச்சிடுச்சு" என்று காஜாவைக் காட்டினார். "கையில தூக்கிக்கிட்டு நான்தான் கீழ வரைக்கும் வந்தேன்."

மாப்பிள்ளை சிரித்தார். நாத்தனார்கூட, "அட, என் தம்பியா!" என்றாள்.

அந்த அறையில் இருந்த யாருக்கும் உண்மை தெரியாது. மகளுக்கே தெரியாது. ரொட்டிக்காரருக்கு மறந்துவிட்டது. தெரிந்தவள் காஜா ஒருத்திதான். பேசாமல் இருந்தால் போதும். மூத்தாளிடம் மிச்சம் இருந்த அந்த ஒன்றும் சத்தமில்லாமல் இவள் பக்கம் வந்து சேர்ந்துவிடும். இருபது வருஷம் எரிந்த வயிறு குளிர்ந்துவிடும்.

அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குச் செருப்பு கடிக்கல" என்றாள். மகளைத் திரும்பிப் பார்த்து, "அது உங்க அம்மாவுக்கு. எனக்கு அடுப்புதான்."

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். இருப்பதெல்லாம் மூத்தாள் வைத்துவிட்டுப் போனதாகவே இருக்க, செருப்பும் அவள் கழற்றிப் போட்டதாகத்தான் வரவேண்டுமா என்கிற ஆங்காரம்தான் அது. தனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது, அசடு வழிகிற ஒன்றுதான், ஆனால் வேறு யார் வாயும் பட்டதில்லை. அதில் போய் இன்னொருத்தியுடையதைக் கலக்கவிட அவள் தயாராக இல்லை.

சொன்னதற்குப் பலன் உடனே கிடைத்தது. மகள் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கா, எப்போ, என்ன செருப்பு, என்ன நிறம் என்று கேள்வி மேல் கேள்வி. ரொட்டிக்காரர் முகம் மெல்லத் தெளிந்து, ஆமாம், ஆமாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மொத்த அறையும் மூத்தாள் பக்கம் சாய்ந்துவிட்டது. காஜா தட்டுகளை அள்ளிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. தானே தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்காக எரிகிறவளை என்னவென்று சொல்வது?

கூடத்தில் ரொட்டிக்காரர், "நாங்க போனப்போ" என்று மறுபடி எடுத்தார்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"எந்த நாங்க?" என்றாள் காஜா உள்ளே இருந்து.

"மொதல் தடவை" என்றார் அவர்.

"அப்படிச் சொல்லிட்டுச் சொல்லுங்க."

அதிலிருந்து ரொட்டிக்காரர் பாடு திண்டாட்டமாகப் போயிற்று. பேக்கரியில் கதையை எடுத்தாலே, பாதியில் நிறுத்தி, "இது ரெண்டாந்தடவை நாங்க" என்றோ, "இது மொதல் தடவை நாங்க" என்றோ பிரித்துச் சொல்லியாக வேண்டும். மறந்துபோனால் வாசலில் நிற்கிறவள் ஒரு இருமல் இருமுவாள். வாடிக்கைக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. அவர் வாயைத் திறந்ததுமே எந்த நாங்க என்று அவர்களே கேட்பார்கள். ரெண்டாந்தடவை என்று பதில் வந்தால், அன்றைக்குக் காஜா கல்லாப் பக்கம் வந்து உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மொதல் தடவை என்றால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ரொம்ப தூரம் போகமாட்டாள். அடுத்த கடை நிழலில் நின்று, அவர் அந்தக் கதையை எவ்வளவு நேரம் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.